கொடுத்ததும் விடாததும்: ராஜா அண்ணாமலை செட்டியாரை எடைபோடுதல்

திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும் விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்போது பட்டம் தருவது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதற்கு முன்பு வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தார்கள். 2021 தொடக்கத்தில் விழுப்புரத்துக்கென்றே ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது. ஆட்சி மாறியது, அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு சட்டம் வந்து அதை அண்ணாமலையோடு சேர்த்துவிட்டது. சட்டமன்றத்தில் வெளிநடப்பு, சாலையில் மறியல், நீதிமன்றத்தில் வழக்கு என்று அமர்க்களப்பட்ட அந்த நாட்களில் இரு தரப்பும் தங்கள் தங்கள் தலைவர்களைப் பற்றித்தான் பேசின. விழுப்புரத்துப் பிள்ளையின் சான்றிதழில் ஏறப்போகும் அந்த அண்ணாமலை யார், அவருடைய கணக்கு என்ன என்று விவாதம் நடந்ததாக நினைவில்லை. தென்னார்க்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் அது ‘நம்ம ஜில்லா யுனிவர்சிடி’. 1993இல் மாவட்டத்தைப் பிரித்தபோது சிதம்பரம் கடலூர் பக்கம் போனது. இப்போது சுற்றி வளைத்து மறுபடியும் நம்மிடம் வந்திருக்கிறது. கணக்குப் பார்க்க இது நல்ல நேரம்.

கணக்கு சுலபமில்லை. நூற்றாண்டு மலர்களில் அவர் வள்ளல். பர்மா சரித்திரம் எழுதியவர்கள் பலருக்கோ அவருடைய சமூகமே நெல்வயலை விழுங்கிய வட்டிக்காரக் கூட்டம். இரண்டு தரப்பும் ஆதாரத்தோடுதான் பேசுகின்றன.

கானாடுகாத்தானில் 1881 செப்டம்பர் 30 அன்று பிறந்தவர். 1923இல் ‘சர்’ ஆனார், 1929இல் ‘ராஜா’ ஆனார். இரண்டாவது பட்டம் பரம்பரை உரிமை உள்ளது. தகப்பனுக்குப் பின் மகன், அவருக்குப் பின் அவர் மகன். பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் பரம்பரை இருக்கை கிடைத்த இந்தியர் ஒருவர்தான்: வங்காளத்து சத்யேந்திர பிரசன்ன சின்ஹா, 1919இல். தமிழ்நாட்டில் அந்தப் படிக்கு அருகே வந்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் இவரைத்தான் சொல்ல வேண்டும். மற்ற ராஜாக்களுக்குக் கோட்டையோ ஜமீனோ ஏதோ ஒன்று இருந்தது. செட்டிநாட்டு ராஜாவுக்கு ஆள ஊர் கிடையாது. அவரிடம் இருந்தது பேரேடு.

அந்தப் பேரேட்டில் முதல் ஏடு இந்தியன் வங்கி. 1906 அக்டோபரில் சென்னையின் பெரிய வெள்ளைக்காரக் கம்பெனியான ஆர்பத்நாட் திவாலாகி, நம்பிப் போட்டவர்களின் பணமெல்லாம் மூழ்கியது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல். அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் இந்தியன் வங்கி. 1907 மார்ச்சில் பதிவாகி ஆகஸ்ட் 15 அன்று திறந்தார்கள். அதை அண்ணாமலை செட்டியார் நிறுவினார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது மிகை. முன்னின்று ஆள் சேர்த்தவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். நகரத்தார் முதலை அதற்குள் கொண்டுவந்து, முதல் இயக்குநர்களில் ஒருவராக உட்கார்ந்தவர் அண்ணாமலையின் அண்ணன் இராமசாமி செட்டியார். தம்பி வந்தது பிறகு. அண்ணன் பங்கைத் தம்பி பேரில் எழுதுவது வட்டிக்கடையில் செல்லாது. சரித்திரத்திலும் செல்ல வேண்டியதில்லை.

அவருக்கே உரிய பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று மாகாண வங்கிகளை இணைத்து 1921இல் உருவான இம்பீரியல் வங்கி (பின்னால் ஸ்டேட் வங்கியானது) முழுக்க ஆங்கிலேயர் கோட்டை. அதன் கவர்னர்களில் ஒருவராக அவர் இருந்தார். கிட்டங்கியில் கைப்பெட்டி முன்னால் சம்மணமிட்டுத் தொழில் பழகும் மரபிலிருந்து வந்த ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்தது சிறிய காரியமில்லை.

கிட்டங்கியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பணம் அங்கேதான் விளைந்தது. ரங்கூன் கிட்டங்கி என்பது நீளக் கூடம். வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியும் ஒரு ‘விலாசம்’, அதாவது ஒரு கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை. மேலாள் மூன்று வருஷக் கணக்குக்குப் போய், ஐந்தொகை போட்டு, ஊர் திரும்புவார். முதலாளி கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருந்து கடிதத்திலேயே கடை நடத்துவார். சொந்தக்காரர்கள் போட்டுவைத்த மேற்பணமும் சொந்த முதல்பணமும் சேர்ந்து ஐராவதி டெல்டாவின் நெல் சாகுபடிக்குக் கடனாகப் போயிற்று. 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார் முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அண்ணாமலை செட்டியார் குடும்பத்தின் ச.ராம.மு. விலாசம் அங்கே பெரிய புள்ளிகளில் ஒன்று.

பிறகு நெல்விலை சரிந்தது. பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. எட்டே ஆண்டில் அது இருபத்தைந்து ஆயிற்று. கடன்பட்ட பர்மிய விவசாயி நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு அதே நிலத்தில் குத்தகைக்காரனாக நின்றான். இதை வைத்துத்தான் ‘நிலம் விழுங்கிகள்’ என்ற பழி. இந்தக் குற்றச்சாட்டில் பாதிதான் நிற்கும். லேவாதேவிக்காரருக்கு வேண்டியது ரொக்கம். விற்க முடியாத வயல் அவருக்குச் சுமை. அதோடு உள்ளூரில் கடன் கொடுத்தவர்களைவிடச் செட்டியார் வட்டி குறைவு என்பதும் பதிவாகியிருக்கிறது. இத்தனையும் சொன்ன பிறகும் மற்றப் பாதி நிற்கிறது. மழையும் விலையும் பொய்த்தால் நட்டம் முழுவதும் உழுபவன் தலையில் விழும்படி அமைந்த ஏற்பாடு அது. இருபது லட்சம் கொடுத்து வந்த பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசும்போது ஐராவதி டெல்டாவின் உழவனுக்கும் அந்தக் கல்லில் பங்குண்டு என்று சொல்லாமல் விடுவது கணக்கில் புள்ளி விட்டதாகும்.

தன் பெயரோடு சேர்ந்த வங்கியையும் அவர் தொடங்கினார்: 1929இல் பாங்க் ஆஃப் செட்டிநாடு. வரி வழக்கறிஞர்களுக்கு அந்தப் பெயர் மனப்பாடம். 1940இல் பிரிவி கவுன்சில் அதன் வழக்கில், வரி விஷயத்தில் சட்ட வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும், உள்ளே நடந்தது இன்னது என்று ஊகிக்கக் கூடாது என்று சொன்னதைப் பல பதிற்றாண்டுகள் மேற்கோள் காட்டினார்கள். தீர்ப்பு நிலைத்தது, வங்கி நிலைக்கவில்லை. இன்று அந்தப் பெயரில் வங்கி கிடையாது. 1937இல் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி நிற்கிறது. பலர் கூடிக் கட்டிய இந்தியன் வங்கியும் நிற்கிறது. அதை 1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையாக்கினார்கள். இன்று விழுப்புரம் மாவட்டத்தின் முன்னோடி வங்கி அதுதான். மல்லாட்டைக்குப் பயிர்க்கடன் கேட்டு நிற்கிறவருக்குச் செட்டிநாட்டு அரண்மனை ஞாபகமே வராது. வங்கியாளர் என்ற முறையில் அண்ணாமலை செட்டியார் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் அவர் துணை நின்றது வாழ்ந்தது. தனியே ஆண்டது போயிற்று.

அரசியலில் அதிகம் நிற்க வேண்டாம், ஏனென்றால் அவரே அதிகம் நிற்கவில்லை. டெல்லியில் ராஜாங்க சபை உறுப்பினர். சொத்தும் அந்தஸ்தும் உள்ள கொஞ்சம் பேர் மட்டும் வாக்களித்த சபை அது; திண்டிவனத்துக் குடியானவனுக்கு அதில் வேலையே இல்லை. நீதிக்கட்சி அரசியல் மகன் முத்தையா செட்டியார் பங்குக்கு வந்தது. 1933இல் சென்னையின் மேயர், 1936இல் மாகாண அமைச்சர். நீதிக்கட்சி பிராமணரல்லாதாருக்கு வேலையிலும் கல்வியிலும் கதவு திறந்தது உண்மை. ஆனால் முப்பதுகளில் அது ஜமீன்தார்களும் ராஜாக்களும் தங்களுக்குள் சீட்டுக் குலுக்கிக்கொள்ளும் இடமாகச் சுருங்கிப் போயிருந்தது. 1937 தேர்தலில் மக்கள் கணக்குத் தீர்த்தார்கள்: 215 இடங்களில் காங்கிரசுக்கு 159.

இறுதி அடி உள்ளிருந்தே விழுந்தது. 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில் அண்ணாதுரை பெயரில் வந்த தீர்மானம், வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களைக் கட்சிக்காரர்கள் உதற வேண்டும் என்றது. கட்சியின் பெயர் திராவிடர் கழகம் ஆயிற்று. பட்டத்தை உதறச் சொன்ன அந்த அண்ணாவின் பேரில் விழுப்புரத்தில் ஒரு கல்லூரி, அவர் அமைச்சரவையில் இருந்த கோவிந்தசாமி பேரில் திண்டிவனத்தில் ஒரு கல்லூரி. இரண்டும் இன்று ராஜா பெயர் கொண்ட பல்கலைக்கழகத்தின் கீழ். இதில் கோபப்படவும் ஒன்றுமில்லை. நெடுஞ்செழியனும் அன்பழகனும் தமிழ் படித்துத் தயாரானதே அந்த ராஜாவின் வளாகத்தில்தான். பணக்காரர் அரசியலை முடித்துவைத்தவர்களை வளர்த்தது ஒரு பணக்காரரின் கல்விச்சாலை.

திண்டிவனத்துக்கு இந்தக் கதையில் நேரடிப் பாத்திரமே உண்டு. அண்ணாமலை செட்டியார் காலமானது 1948 ஜூன் 15. அன்று மாகாணத்தின் பிரதமர் திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரின் ராமசாமி ரெட்டியார். பரம்பரை ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் அதே 1948இல் அவர் ஆட்சியில்தான் வந்தது. பொப்பிலி, வெங்கடகிரி, சிவகங்கை என்று மண்ணை வைத்து ராஜாவானவர்களின் காலடி நழுவியது. செட்டிநாட்டு ராஜ்யம் மண்ணில் இல்லை, ஆகவே சட்டத்தின் கைக்கும் எட்டவில்லை. 1950இல் அரசியல் சாசனத்தின் 18ஆம் பிரிவு பட்டங்களையே ஒழித்தது. ஜனங்கள் ‘ராஜா சர்’ என்று சொல்வதை எந்தப் பிரிவும் ஒழிக்கவில்லை. சென்னையில் ராஜா அண்ணாமலைபுரம் இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது. ஓமந்தூரார் 1949இல் பதவியை விட்டார். வடலூரில் போய் இருந்தார். அவருக்குப் பின் நாற்காலிக்கு என்று வாரிசு யாரும் வரவில்லை. 

சட்டமும் எட்டாமல், சாசனமும் எட்டாமல் ஒரு பரம்பரைப் பதவி சிதம்பரத்தில் பத்திரமாக இருந்தது. அண்ணாமலை செட்டியார் வாழ்க்கையின் மையக் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

1920இல் மீனாட்சி கல்லூரி தொடங்கினார். தமிழ்க் கல்லூரிக்கு உ.வே. சாமிநாதையரை முதல்வராக அழைத்துவந்தார். கல்லூரிகளையும் இருபது லட்சம் ரூபாயையும் ஒப்படைக்க, 1929 தொடக்கத்தில் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அரசாங்கமும் அதற்குக் குறையாத தொகை போட்டு ஆண்டு மானியமும் தந்தது என்பதை மலர்கள் மெல்லிய குரலில்தான் சொல்லும். சென்னைக்கு வெளியே, ஒரு கோயில் ஊரில், தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகம். தென்னார்க்காட்டு, தஞ்சாவூர்க் கிராமத்துப் பையனுக்கு அது என்னவாக இருந்தது என்பதற்கு இந்த மாவட்டத்தின் எந்தப் பள்ளியிலும் தலைமையாசிரியர் அறையில் கேட்டால் தெரியும். நேரில் போய்ப் படிக்க முடியாதவர்களுக்குப் பிற்காலத்தில் அஞ்சல்வழிக் கல்வி வந்தது, எம்.ஏ., பி.எட். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு ஊக்க ஊதியம் வாங்கியவர்கள் வீதிக்கு ஒருவர்.

தமிழிசையும் அங்கிருந்துதான் இயக்கமாக எழுந்தது. மேடைக் கச்சேரியில் தெலுங்கும் சமஸ்கிருதமும்தான் கனமானவை, தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடா என்றிருந்த நாளில், பரிசும் பதிப்பும் மாநாடும் என்று பணத்தை இறக்கி, 1943இல் தமிழ் இசைச் சங்கம் அமைய வழி செய்தார். ராஜாஜி, டி.கே.சி., கல்கி எல்லாரும் அந்தப் பக்கம் நின்றார்கள். சென்னையின் சங்கீத வித்வத் வட்டாரம் முகம் சுளித்தது. அவர் செய்ததிலேயே சுத்தமான காரியம் இது என்பேன். வட்டியும் இல்லை, வாரிசும் இல்லை. கருத்து பரவிவிட்டது, இனி அதற்கு உரிமையாளர் கிடையாது.

பல்கலைக்கழகத்தை அப்படி அவர் விடவில்லை. அதன் சட்டத்தில் ‘நிறுவனர்’ என்று ஓர் இடம் வைத்தார்கள். நிறுவனரே இணைவேந்தர், அவருக்குப் பின் அவர் வாரிசு. துணைவேந்தர் யார் என்பதற்குப் பெயர்ப்பட்டியல் கொடுக்கும் உரிமையும் அவருக்கே. நகரத்தார் மரபு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. லாபத்தில் மகமை எடுத்து வைப்பார்கள், கோயிலுக்குக் கட்டளை எழுதுவார்கள், அந்தக் கட்டளையை நடத்தும் பொறுப்பு எழுதியவர் குடும்பத்தில் தங்கும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் பரம்பரை அறங்காவலர்கள் முறை வைத்து வருவதைப் பார்க்கும் நம் ஊர்க்காரருக்கும் இது பழகிய ஏற்பாடுதான். அண்ணாமலை செட்டியார் பல்கலைக்கழகத்தையும் ஒரு கட்டளையாக எழுதினார். தெய்வத்துக்கு வேளா வேளைக்குப் பூஜை நடந்தால் கட்டளை நிறைவேறியது. பல்கலைக்கழகம் அப்படி இல்லையே. அங்கே ஆள் எடுக்க வேண்டும், கட்டணம் நிர்ணயிக்க வேண்டும், வெளியார் வந்து கணக்குக் கேட்க வேண்டும்.

அவர் இருந்தவரை ஏற்பாடு பலன் தந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். சீனிவாச சாஸ்திரி போன்ற ஒருவரைத் துணைவேந்தராகக் கொண்டுவரும் துணிவு ஒரு தனி மனிதருக்குத்தான் இருக்கும். குழு போட்டால் வராது. முத்தையா செட்டியார் காலத்திலும் ஓடியது. மூன்றாம் தலைமுறையில், எம்.ஏ.எம். ராமசாமி காலத்தில் கணக்கு உதைத்தது. பந்தயக் குதிரைக்குப் புகழ்பெற்றவர். மாநிலங்களவைக்கே கர்நாடகத்திலிருந்து, மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் பேரில் போனவர். பல்கலைக்கழகத்தில் ஊழியர் எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது. சம்பளம் போட முடியாமல் 2012 கடைசியில் கிளர்ச்சி வெடித்தது. 2013 ஏப்ரலில் அரசு நிர்வாகியை அனுப்பியது, அந்த ஆண்டே புதுச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. உபரி ஊழியர்களைப் பணிநிரவலில் ஊர் ஊராக அனுப்பினார்கள். அரசுக் கல்லூரிகளும் அலுவலகங்களும் அந்தச் சுமையை இன்னும் சரிக்கட்டிக்கொண்டிருக்கின்றன. குடும்பத்தின் பேரேட்டில் விழுந்த துண்டை அடைத்தது பொதுஜனப் பணம். ராமசாமியும் வளர்ப்பு மகனோடு பகிரங்கமாக மோதிக்கொண்டு, செட்டிநாடு சிமெண்ட் கம்பெனியிலேயே இடத்தை இழந்து, 2015 டிசம்பரில் காலமானார்.

எந்த நிறுவனமும் எண்பது வருஷத்தில் நோய்வாய்ப்படும், அரசுப் பல்கலைக்கழகங்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பார்கள். யோக்கியம் இல்லைதான். துணைவேந்தர் நியமனத்துக்கு விலை உண்டு என்ற பேச்சு எல்லா இடத்திலும் அடிபடுகிறது. ஆனால் அங்கே தப்பு செய்தவர் காலம் முடிந்ததும் போய்விடுவார். சிதம்பரத்தில் பிறப்பால் வந்தவரை இறப்போ நெருக்கடியோதான் மாற்ற முடிந்தது.

வேறு வழியே இல்லையா என்றால், அதே சமூகத்தில், அடுத்த தலைமுறையிலேயே பதில் இருக்கிறது. அழகப்ப செட்டியார் 1948இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். குடும்பத்துக்கு இணைவேந்தர் நாற்காலி கேட்கவில்லை. நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். தொகையில் சிறியவரா என்றால், இருந்ததையெல்லாம் வாரிக் கொடுத்தவர்.

ஆகவே என் எடை இப்படி நிற்கிறது. வங்கியில் அண்ணாமலை செட்டியார் திறமைசாலி, முன்னோடி அல்லர். அந்தப் பெயர் அண்ணனுக்கும் கிருஷ்ணசாமி ஐயருக்கும் போக வேண்டும். அரசியலில் பட்டத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் சொற்பம். கொடையில் பெரியவர், அழகப்பருக்கு ஒரு படி கீழே. தமிழிசையில் மட்டும் அவருக்கு மேலே யாரும் இல்லை. பல்கலைக்கழகத்தைத் தந்ததற்காக இந்த மாவட்டங்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றன. அதை வாரிசுச் சொத்தாக எழுதிவைத்ததற்கு அவர் பொறுப்பாளி; பேரன் காலத்துக் குளறுபடியைப் பேரன் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை, அதற்கு விதை 1928ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்திலேயே விழுந்துவிட்டது. சான்றிதழில் அவர் பெயர் இருக்கட்டும். அது கொடுத்ததற்கான கூலி.

2013 சட்டப்படி இணைவேந்தர் நாற்காலி உயர்கல்வி அமைச்சருக்குரியது. 2021இல் அந்தத் துறை விழுப்புரத்து அரசியல்வாதி பொன்முடி கைக்கு வந்தபோது நாற்காலியும் வந்தது. அமைச்சரையாவது நாம் ஓட்டுப் போட்டு மாற்றலாம். விழுப்புரம், திண்டிவனம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இனித் தனியார் பல்கலைக்கழகத்துக்கென்று எந்த மசோதா மேசைக்கு வந்தாலும், கைதூக்குமுன் நிறுவனர் உரிமை பற்றிய பிரிவை முதலில் படியுங்கள்.